மன்னிக்க என்ன இருக்கு

என் தங்கை எங்கள் கடையில் கடைசியாக என்னிடம் குறைபட்டுக்கொண்டது ஒரு ஸ்டூலைப் பற்றி.

"அக்கா, இது மறுபடி ஆடுது. ஒரு நாள் என்னைக் குப்புறத் தள்ளப்போகுது பாரு."

"ஆடாம உக்காரத் தெரியணும்."

"ஓஹோ, தப்பு என் மேலயா? சரிதான். இது இரட்சிக்கப்பட்ட ஸ்டூல். இதுக்குப் பாவமே கிடையாது, பலவீனம் மட்டும்தான்."

சொல்லிவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள். வெட்டி மீந்த தடித்த அட்டைத் துண்டு ஒன்றை எடுத்து மடித்து, இன்னொரு முறை மடித்து, குனிந்து ஸ்டூலின் காலுக்கு அடியில் செருகினாள். உட்கார்ந்து பார்த்தாள். அப்போதும் ஆடியது. "முன்னைக்கு இப்ப தேவலை" என்று அளவுகோலைக் கையில் எடுத்தாள். நான் கண்ணாடி வெட்டும் மேசைக்குத் திரும்பினேன். கொஞ்ச நேரத்தில் அளவுகோல் கீழே விழும் சத்தம் கேட்டது.

"எடுத்து வை, மிதிபடும்" என்றேன், திரும்பிப் பார்க்காமல்.

பதில் வராததால்தான் திரும்பினேன். ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தாள். ஒரு கை நெஞ்சில் இருந்தது. கண்கள் திறந்திருந்தன. என்னைப் பார்த்து, ஏதோ தவறாக அளந்துவிட்டவளைப் போல அசடு வழியச் சிரிக்கப் பார்த்தாள்.

நாங்கள் இருவரும் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தோம். அப்பா விட்டுப்போன கடை. கண்ணாடி வெட்டுவது என் வேலை. அட்டை வெட்டி, சட்டத்தின் மூலைகளைச் சேர்த்து, பின்பலகை அடித்து முடிப்பது அவள் வேலை. கடைக்கு மேலேயே வீடு. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகும் தெருவில் எங்களை "ஃபிரேம் கடைப் பொண்ணுங்க" என்றே சொன்னார்கள்.

ஸ்டூலைப் பற்றி அவள் சொன்ன கேலி விளங்க வேண்டுமானால் எங்கள் சபையைப் பற்றிச் சொல்ல வேண்டும். டயர் கடை ஒன்றின் மாடியில் ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து நடந்த சிறிய சபை அது. மெய்யாகவே மனந்திரும்பியவன் அதன் பிறகு பாவம் செய்வதில்லை என்பது எங்கள் போதனை. செய்யக் கூடாது என்று எல்லாச் சபைகளும் சொல்லும். செய்வதில்லை என்று நாங்கள் சொன்னோம். கோபம் வந்தால் அதற்குச் சோர்வு என்று பெயர். பொய் சொன்னால் வாய் தவறுதல். மற்றவை எல்லாவற்றுக்கும் பலவீனம் என்ற பெரிய பை ஒன்று இருந்தது. எதையும் அதில் போட்டு வாயைக் கட்டிவிடலாம். ஞாயிறுதோறும் ஒவ்வொருவராக எழுந்து "இந்த வாரமும் ஜெயம்" என்று சொல்லி உட்காருவோம்.

ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தை நாங்களும் சேர்ந்து சொல்வோம். அதில் மன்னிப்புக் கேட்கும் வரி வரும்போது எல்லாரும் வாயை மூடிக்கொள்வோம். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம். கீழே டயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் அது நன்றாகக் கேட்கும். பிறகு அடுத்த வரியை எல்லாரும் ஒன்றாகத் தொடங்குவோம். பாவம் இல்லாதவன் மன்னிப்புக் கேட்டால் மீட்பையே சந்தேகிக்கிறான் என்று சபையை நடத்திய மூப்பர் விளக்கம் சொல்வார். அவர் முன்னாளில் கடைகளின் தராசுகளைச் சோதிக்கும் உத்தியோகம் பார்த்தவர். ஆட்களைப் பார்க்கும்போதும் முள் நடுவில் நிற்கிறதா என்றுதான் பார்ப்பார்.

சின்ன வயதிலிருந்தே அந்த அமைதியில் என் தங்கையின் உதடுகள் அசைவதை நான் கவனித்திருக்கிறேன். அப்பா எங்களை இந்தச் சபைக்குக் கொண்டுவருமுன் கற்ற முழு ஜெபத்தை அவள் மறக்கவில்லை. நான் முழங்கையால் இடிப்பேன். நிறுத்திக்கொள்வாள்.

மன்னிப்புக் கேட்காத பழக்கம் கடைக்கும் வந்துவிட்டது. ஒரு முறை ஓர் அம்மாள் மகளின் கல்யாணப் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். சட்டத்தின் ஒரு மூலை விலகி, விரல்நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது.

"என்னம்மா இது? மாப்பிள்ளை வீட்டார் முன்னாடி மானம் போச்சு" என்றாள்.

"வேற போட்டுத் தர்றோம்" என்றேன்.

"அது கிடக்கட்டும். ஒரு சாரி சொல்ல வாய் வலிக்குதா?"

"வேலையில ஒரு பலவீனம் நேர்ந்துடுச்சு" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பலவீனமா? யாருக்கு, உங்களுக்கா, ஃபிரேமுக்கா? ஃபிரேமுக்குன்னா டானிக் வாங்கிக் குடுங்க!"

பின்பக்கம் என் தங்கை சிரிப்பை அடக்க முடியாமல் பலகைகளைத் தடதடவென்று அடுக்குவது கேட்டது. பிறகு பல வருடங்களுக்கு, எது உடைந்தாலும் "அக்கா, இதுக்கும் டானிக்தான்" என்பாள்.

இப்படிச் சிரித்துப் பேசிக்கொண்ட சகோதரிகள்தான் நாங்கள். சபையில் எங்களை உதாரணமாகக் காட்டுவார்கள். ஆனால் எங்களுக்கிடையே ஒன்று கிடந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எனக்கு முப்பது வயதைத் தாண்டிய காலத்தில் எங்கள் கடைக்குக் கண்ணாடி கொண்டுவந்த மனிதர் ஒருவர் இருந்தார். வண்டியிலிருந்து ஒவ்வொரு தகடாக இறக்கி, விளிம்பில் விரல் முட்டியால் மெல்லத் தட்டி, காதை வைத்துக் கேட்பார். "மணி மாதிரி இருக்கு, வாங்கிக்கோங்க" என்பார். கீறல் விழுந்த தகடு மந்தமாகச் சத்தம் தரும் என்று எனக்கும் கேட்கக் கற்றுக்கொடுத்தார். எந்தச் சபைக்கும் போகாதவர். ஒரு நாள் தகட்டைத் தட்டிவிட்டு, காதை எடுக்காமலே, என்னைக் கல்யாணம் செய்துகொள்ள விருப்பமா என்று கேட்டார். தகடு பதில் சொல்லும் என்று எதிர்பார்த்தவரைப் போல அப்படியே குனிந்து நின்றார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. சம்மதம் சொல்லப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். அதைத் தங்கையிடம் மட்டும் சொன்னேன்.

அவள் மூப்பரிடம் சொல்லிவிட்டாள். மூப்பரும் வேறு இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து, எங்கள் நாற்காலிகளில் உட்கார்ந்து, என் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். பிறகு கண்ணாடிக்காரரிடமும் போய்ப் பேசியிருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த முறை கண்ணாடி வந்தபோது வண்டியில் வேறு ஆள் இருந்தார். தகட்டைத் தட்டிப் பார்க்காமலே இறக்கி வைத்தார்.

"உன் நல்லதுக்குத்தான்க்கா" என்று தங்கை சொன்னாள். அன்பினால் செய்தது பாவமில்லை என்று மூப்பர் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் எழுந்து "ஜெயம்" என்றேன். பாவமே நடக்காத இடத்தில் மன்னிப்புக்கு என்ன வேலை? அதன் பிறகு நாங்கள் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவள் விழித்திருந்து, எல்லாம் முறையாகத்தான் நடந்தது. ஆனால் அதுவரை அவளைப் பாப்பா என்று கூப்பிட்டு வந்த நான், அன்றோடு அதை நிறுத்தினேன். "இந்தா", "ஏய்", "இங்க பாரு" என்று வாழ்நாளை ஓட்டினேன். அவள் ஒரு முறையும் ஏன் என்று கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு நினைவு தெளிவாகவே இருந்தது. இருதயம் பாதி வேலைதான் செய்கிறது என்று டாக்டர் சொன்னார். மாலையில் பார்வையாளர் நேரம். நான் போனபோது மூப்பரும் அவர் மனைவியும் எனக்கு முன்பே வந்து கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள், காதை மட்டும் எங்களுக்குக் கொடுத்துவிட்டு.

"அக்கா, இந்தப் பக்கம் வா" என்றாள் தங்கை. "எனக்கு உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். கண்ணாடிக்காரர் விஷயம்."

அத்தனை வருடத்தில் அவள் வாயில் அந்தப் பேச்சு வந்தது அதுதான் முதல் தடவை.

"அத இப்ப எதுக்கு?"

"நான் செஞ்சது பாவம். என்னை மன்னிச்சிடு."

மூப்பர் தொண்டையைக் கனைத்தார். "சகோதரி, உடம்பு தளர்ந்த நேரம் பார்த்து சத்துரு குழப்புவான். விசுவாசிக்கு ஏதும்மா பாவம்? அன்னைக்கு அன்பினால செஞ்சீங்க."

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்பு இல்லக்கா. பொறாமை. நீ போயிட்டா நான் அந்த வீட்டுல தனியா கிடக்கணுமேன்னு. மூப்பர்கிட்ட சொல்லிட்டு வரும்போது எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"

அப்போது நான் சொல்ல வேண்டியது ஒரு சொல். அதை எழுதவே கை கூசுகிறது, அவ்வளவு சின்னச் சொல். மூப்பர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், முள் எங்கே நிற்கிறதென்று. நான் தங்கையின் போர்வையைச் சரிசெய்தேன்.

"மன்னிக்க என்ன இருக்கு? நீதான் ஒண்ணும் செய்யலையே."

"செஞ்சேன்க்கா. இப்பதானே சொல்றேன்."

"சோர்வுல பேசுற. கண்ணை மூடிப் படு."

"நீ மன்னிக்க மாட்டேங்குற."

"ஒண்ணுமே இல்லைன்னு சொல்றேன். அதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

அவள் கொஞ்ச நேரம் மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு, கடையில் ஒரு பெரிய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடுகிறவளைப் போல, சாதாரணமாகக் கேட்டாள்: "அப்ப நான் இத எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்த மூப்பரின் மனைவி கையை நிறுத்திவிட்டார். மூப்பர் ஜெபித்தார். வெளியே நடைக்கு வந்ததும் என் தோளைத் தட்டி, "விசுவாசத்துல அசையாம பதில் சொன்னீங்க சகோதரி. அதுதான் அவங்களுக்கு பலம்" என்றார்.

எனக்கு அந்தப் பாராட்டு இனித்தது. படிக்கட்டில் இறங்கும்போது அந்த இனிப்புக்கு அடியில் இன்னொன்று இருப்பதைக் கண்டேன். அவள் கேட்டதை நான் கொடுக்கவில்லை. கொடுக்காமல் விட்டதில் எனக்கு ஒரு சுகம். போதனையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, அதன் பின்னாலிருந்து அவளைக் குத்தியிருக்கிறேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர் பாராட்டினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பலவீனம், சோர்வு, வாய் தவறுதல் என்று தெரிந்த பெயர்களையெல்லாம் அதற்கு வைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை.

திரும்பி ஏறியிருக்கலாம். காவலாளி மணி அடித்து எல்லாரையும் கீழே அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் என்று கெஞ்சியிருந்தால் விட்டிருப்பார், முகத்தைப் பார்த்தால் இளகியவராகத்தான் தெரிந்தார். மூப்பர் பின்னால் வந்துகொண்டிருந்தார். அவர் எதிரே எப்படித் திரும்பிப் போவது? நாளைக்குத் தனியாக வந்து பாப்பா என்று கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பார்வையாளர் நேரத்துக்கு வெகு முன்பே, காலையில், ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

அடக்கத்தில் மூப்பர், நம் சகோதரி கறையில்லாமல் ஓட்டத்தை முடித்தாள் என்றார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். கால்கள் எழுந்தன, வாய் பழக்கத்தில் திறந்தது. "எனக்கும் என் தங்கைக்கும் நடுவுல ஒரு நாளும் ஒரு குறையும் இருந்ததில்லை" என்றேன். சவப்பெட்டியை இன்னும் மூடவில்லை. அவள் காது எனக்கு நேராக இருந்தது. அதைச் சொல்லிவிட்டு நான் நின்ற இடத்திலேயே உட்காரவும் முடியாமல், முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். துக்கம் தாளாமல் நிற்கிறேன் என்று நினைத்து இரண்டு பெண்கள் வந்து தாங்கிப் பிடித்தார்கள். அந்தப் பரிவும் திருடியது போலிருந்தது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கமான இடத்தில் நின்றேன். வலதுபக்கம் அவள் இடம் காலி. ஜெபம் அந்த வரிக்கு வந்தது. எல்லாரும் மூச்சை இழுத்தார்கள். கீழே காற்று இயந்திரம் ஓடவில்லை. நான் அந்த வரியைச் சொன்னேன். உதட்டளவில் சொல்லத்தான் நினைத்தேன். சத்தமாக வந்துவிட்டது. சின்ன வயதில் கற்றது ஒரு சொல் பிசகாமல் வந்தது. மற்றவர்களை நாங்கள் மன்னிப்பது போல எங்களையும் மன்னியும் என்று கேட்கும் வரி அது. அதன் முதல் பாதியைச் சொல்லும்போதே என் குரல் உடைந்துவிட்டது. நான் எங்கே மன்னித்தேன்?

தலைகள் திரும்பின. மூப்பர் கண்ணைத் திறக்காமல் அடுத்த வரியைக் கொஞ்சம் உரக்கத் தொடங்கினார். சபை பின்தொடர்ந்தது. ஜெயம் என்று சாட்சி சொல்லும் நேரத்தில் என் முறை வந்தபோது நான் எழவில்லை.

முடிந்ததும் மூப்பரின் மனைவி மாடிப்படியின் ஓரத்துக்கு என்னை அழைத்துப்போனார். "துக்கத்துல வாய் தவறிடுச்சு. விடுங்க. யாரும் தப்பா எடுத்துக்கல."

"வாய் தவறலம்மா. நான் பாவம் செஞ்சிருக்கேன். என் தங்கச்சி சாகுறப்ப மன்னிப்புக் கேட்டா. நான் குடுக்கல. வேணும்னே குடுக்கல. நீங்களும் அங்கதானே இருந்தீங்க?"

அவர் கண்ணில் ஒரு கணம் ஏதோ வந்து போனது. ஆரஞ்சுப் பழம் உரிப்பதை நிறுத்திய அதே கை என் கன்னத்தைத் தொட்டது.

"நீங்க ஒண்ணுமே செய்யலையே" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நான் சொன்ன அதே சொற்கள். அவள் காதில் அவை எப்படி விழுந்திருக்கும் என்பது அந்தப் படியில் நின்றபோதுதான் தெரிந்தது. கனமான ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரு வீட்டின் முன் நிற்கிறோம். உள்ளே இருப்பவர் கதவைத் திறந்து, புன்னகை செய்து, உங்கள் கையில் ஒன்றுமே இல்லையே என்று சொல்லி மூடிவிடுகிறார்.

அந்த வாரத்தில் ஒரு நாள் மூப்பர் கடைக்கு வந்தார். ஹாலில் மாட்டுவதற்காகக் கொடுத்திருந்த படம் ஒன்றை வாங்கிப்போக வந்ததாகச் சொன்னார். அது தயாராகியிருக்கவில்லை. மூலை சேர்ப்பவள் இல்லை. தங்கையின் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இது ஆடுதே!"

"ஆமா. கொஞ்ச நாளாவே ஆடுது."

விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "சகோதரி, சுத்தி வளைக்காம சொல்றேன். வர்ற ஞாயிறு எழுந்து ஜெயம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நடந்தது நடந்ததாப் போகட்டும். சின்னப் பிள்ளையிலிருந்து இங்க வர்றீங்க. உங்களுக்கு வேற யாரு இருக்கா?"

அவர் மிரட்டவில்லை. சொன்னதும் உண்மைதான். எனக்கு வேறு யாரும் இல்லை. காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவருகிறவர்கள் அவர்கள்தான். என் தங்கையின் பெட்டியைச் சுமந்தவர்களும் அவர்கள்தான்.

"மூப்பரே, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"நீங்க ஒரு தடவையாவது அந்த வரியச் சொல்லணும்னு நினைச்சதில்லையா?"

அவர் தரையைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த காலிச் சட்டங்களைப் பார்த்தார். "வயசான காலத்துல என்கிட்ட அதெல்லாம் கேக்காதீங்கம்மா" என்றார். முதல் முறையாக என்னைச் சகோதரி என்று சொல்லாமல் அம்மா என்றார்.

"என்னால ஜெயம்னு சொல்ல முடியாது. சொன்னா அது இன்னொரு பாவம். இருக்கிறதையே எங்க வைக்கிறதுன்னு தெரியல."

அவர் எழுந்தார். எழுந்தபோது செருப்பு பட்டு, ஸ்டூலின் காலுக்கு அடியில் செருகியிருந்த அட்டைத் துண்டு வெளியே சறுக்கி வந்தது. குனிந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். எங்களுக்குப் பழக்கமில்லாத அந்தச் சொல் வரவில்லை. "யோசிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார். கொஞ்ச தூரம் போய் நின்று கடையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நடந்துவிட்டார்.

நான் அந்த ஞாயிறும் போனேன். இப்போதும் போகிறேன். ஜெயம் சொல்வதில்லை. அந்த வரியைச் சொல்கிறேன், உதட்டளவில், அவளைப் போல. என்னை யாரும் முழங்கையால் இடிப்பதில்லை. வீட்டுக்கு வந்து, சில நாட்கள், பாப்பா என்று சொல்லிப் பார்ப்பேன். காலம் கடந்து சொல்லும் சொல்லுக்குக் கீறல் விழுந்த தகட்டின் சத்தம்தான் வருகிறது.

அன்று மூப்பர் போன பிறகு அந்த அட்டையைத் தரையிலிருந்து எடுத்தேன். அவள் மடித்த மடிப்புக் கலையவில்லை. அதையே திரும்பச் செருகி, உட்கார்ந்து பார்த்தேன்.

ஸ்டூல் இன்னும் ஆடுகிறது.